ஒரு ஸ்லைட் படம் கழுவிய கதை

ஸ்லைட் பிலிமை வீட்டிலேயே கழுவ முடியுமா என்று கேட்டு இளம் நண்பர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். பழைய கமரா ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. கொழும்பில் பல இடங்களில் விசாரித்துக் களைத்துப்போய் என்னிடம் வந்திருக்கிறார். முடியும் என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனம் சும்மா இருக்கவில்லை. எப்படிக் கற்றுக்கொண்டேன், எதற்காகக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் முடியும் என்று மட்டும் சொல்வது பாதிப் பதில்.

என் வாழ்நாளில் நான் கழுவிய வண்ண ஸ்லைட் சுருள்கள் மொத்தம் ஐந்து. ஐந்தையும் கழுவியது 2014 டிசெம்பரில், பதுளையில் எங்கள் வீட்டுக் குளியலறையில். முதல் மூன்றும் கை பழகுவதற்காக. மற்ற இரண்டும் நான்கு ஆண்டுகளாக அலுமாரிக்குள் கிடந்தவை. அந்த இரண்டுக்காகத்தான் இந்த வேலையையே கற்றுக்கொண்டேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஸ்லைட் என்றால் கணினியிலிருந்து சுவரில் விழும் விரிவுரைப் பக்கம். எங்கள் காலத்தில் அது ஒரு பிலிம் துண்டு. சாதாரண வண்ணப் பிலிமைக் கழுவினால் நிறங்கள் தலைகீழாகத் தெரியும் நெகட்டிவ் கிடைக்கும். அதிலிருந்து தாளில் எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஸ்லைட் அப்படியல்ல. கமராவுக்குள் இருந்த அதே பிலிம்தான் படம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மலை பச்சையாகவும் வானம் நீலமாகவும் தெரியும். பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்களுக்கும் நாட்காட்டிகளுக்கும் ஸ்லைட்டைத்தான் விரும்பிக் கேட்பார்கள். 1990களில் நானும் அந்தப் பழக்கத்தில் விழுந்தவன். சம்பளத்தில் ஒரு பங்கு அதற்கே போனது என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை பேசப்படும் விடயம்.

ஸ்லைட்டின் பெருமை எதுவோ அதுவே அதன் ஆபத்தும். நெகட்டிவ் கிடையாது. இரண்டாவது பிரதி கிடையாது. கழுவுமிடத்தில் கெட்டால் கெட்டதுதான்.

ஸ்லைட் பிலிம்களில் பேர்பெற்றது கோடாக் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த கொடாகுரோம். ஆனால் அதை வீட்டில் கழுவ இயலாது. நிறம் தரும் பொருட்கள் அந்தப் பிலிமுக்குள் இருப்பதில்லை. கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாகச் சேர்க்க வேண்டும். அதற்குப் பெரிய இயந்திரமும் தேர்ந்த இரசாயனவியலாளரும் தேவை. 2009இல் கோடாக் அதன் உற்பத்தியை நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைக் கழுவிய நிலையம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. 2010 டிசெம்பர் 30ஆம் திகதி வரை வந்து சேர்ந்த சுருள்களோடு அதுவும் நிறுத்திக்கொண்டது. இன்று எவருடைய அலுமாரியிலாவது கழுவாத கொடாகுரோம் சுருள் கிடந்தால், கறுப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாமே தவிர அதன் நிறத்தை மீட்கக் கடை எதுவும் இல்லை.

நல்லகாலமாக என்னிடம் இருந்தவை கொடாகுரோம் அல்ல. ஃபியூஜி நிறுவனத்தின் புரோவியா. எக்டாகுரோம், புரோவியா, வெல்வியா ஆகியவை ஈ-6 என்னும் முறையில் கழுவப்படுபவை. 1970களின் பிற்பகுதியில் வந்த முறை அது. நிறத்துக்கான பொருட்கள் பிலிமின் படலங்களிலேயே இருப்பதால், வேண்டிய மருந்துகளையும் 38 பாகை செல்சியஸ் வெந்நீரையும் வைத்துக்கொண்டு பொறுமையுள்ள எவரும் கழுவலாம். அந்த 38 பாகையை நிலையாக வைத்திருப்பதுதான் பாடு.

*

2010 ஓகஸ்டில் தோட்டங்களின் பழைய லயங்களைப் பற்றி ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுவதற்காக, அப்புத்தளை, பெரகலை வழியாகக் கொஸ்லாந்தைப் பக்கம் போனேன். அங்கிருந்து மேலே ஏறினால் மீரியபெத்தை. பத்திரிகைக்கு வேண்டிய படங்களை டிஜிட்டல் கமராவில் எடுத்துவிட்டு, எனக்கென்று தோளில் தொங்கிய பழைய கமராவில் இரண்டு ஸ்லைட் சுருள்களை முடித்தேன்.

அது ஊவாத் தேயிலையின் பருவம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கத்து மலைகளில் வறண்ட காற்று அடிக்கும். கொழுந்துக்கு அந்தத் தனி வாசனை ஏறுவது அந்தக் காற்றால்தான். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழுந்து தேயிலை நிரைகளுக்குள் நிழல் கோடு போடும். ஸ்லைட் பிலிம் வைத்திருப்பவன் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக மாட்டான்.

அந்த வெயிலில் ஒரு லயத்தின் இஸ்தோப்பில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்தோப்பு என்பது லயக் காம்பராவின் முன்புறத் தாழ்வாரம். மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மலையில் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்றவர். படம் எடுக்கலாமா ஐயா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனார். வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்தேன். சட்டைக்கு மேல் ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூன்று படங்கள் எடுத்தேன்.

"நமக்கு ஒண்ணு குடுப்பீங்களா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கட்டாயம் கொண்டுவந்து தாறேன் அம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்ன வார்த்தையல்ல. அதுவரைக்கும் எத்தனையோ வாசல்களில் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போயிருந்த வார்த்தை. கட்டுரை வெளிவந்தது. அவர்களுடைய படம் வரவில்லை, ஏனென்றால் அது ஸ்லைட்டில் இருந்தது. நான் வழக்கமாகக் கொடுக்கும் கொழும்புக் கடை அவ்வாண்டு ஸ்லைட் கழுவுவதை விட்டுவிட்டது. வேறு கடையில் கொடுக்கப் பயம். முன்பொருமுறை ஒரு கடையில் என் ஸ்லைட் சுருளைச் சாதாரண நெகட்டிவ் என்று நினைத்து அந்த மருந்துக்குள் போட்டுவிட்டார்கள். பிரதி போட்டுப் பார்த்தால் மனிதர் முகமெல்லாம் பச்சை. கடைக்காரர் மிகவும் வருந்தி, ஒரு புதிய பிலிமை உறையில் போட்டுக் கொடுத்தார். பிலிமுக்குப் பதில் பிலிம், கணக்குச் சரி என்பது அவர் எண்ணம்.

இரண்டு சுருள்களையும் டப்பாவில் போட்டு அலுமாரியில் வைத்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வைத்தது நான்கு வருடம் கிடந்தது.

*

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் சில நிமிடங்களில் மண்ணுக்குள் போயின. செய்தி கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயங்கள் இருந்த இடத்தைக் காட்டுவதற்கு ஓர் அடையாளமும் இல்லை. சேறு மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். முதல் நாளில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு அந்த எண் சில பத்துகளாகச் சுருங்கியது. எண் குறைந்தது என்று வெளியூர் ஆசிரியபீடங்களில் ஒரு நிம்மதி தெரிந்தது. அங்கே நின்றவர்களுக்கு எண் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது என்பதும் பின்னர் செய்தியாயிற்று.

பிழைத்தவர்களைக் கொஸ்லாந்தையிலும் பூனாகலையிலும் பாடசாலைகளில் தங்கவைத்தார்கள். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரு வகுப்பறை வாசலில் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீங்கதானே எங்க வீட்டுக்காரர கோட்டோட படம் புடிச்சது?"

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முகம் நினைவுக்கு வரவில்லை, கோட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

கணவர் 2012இலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டாராம். சரிவு நடந்த காலை அந்த அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு கீழே போயிருந்ததால் தப்பினார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாராம். அவருடைய படம் என்று இருந்தது அது ஒன்றுதான். சுவரோடு போயிற்று.

"வீடு போனா போகுது. யாராச்சும் கட்டிக் குடுப்பாங்க. அவரு மொகம் வேணும் தம்பி. அந்தப் படம் இருக்கா?"

"இருக்கிறது அம்மா" என்றேன்.

பொய்யில்லை. ஒளி பட்ட பிலிமில் படம் அந்தக் கணமே பதிந்துவிடுகிறது. ஆனால் கழுவும்வரை அதை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முயன்றால் அழிந்துவிடும். நான்கு வருடமாக அவர் முகம் அப்படித்தான் என் அலுமாரிக்குள் இருந்தது. அவர் உயிரோடு இருந்த இரண்டு வருடமும் அங்கேதான் இருந்தது. அப்போதே கழுவிக் கொடுத்திருந்தால் அதுவும் மண்ணுக்குள்தான் போயிருக்கும் என்று பிறகு என் மனம் எனக்காக வாதாடியது. வக்கீல்கள் பேசும் பேச்சு அது. அவர் தன்னுடைய படத்தைப் பார்க்காமலே போனார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

*

வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள் நண்பர்கள். லண்டனில் நம்பிக்கையான இடங்கள் இருந்தன. ஆனால் அஞ்சலில் தொலைந்தால்? முன்பு நடந்ததுபோல யாராவது மாற்றிப் போட்டால்? எவனோ கெடுத்துவிட்டான் அம்மா என்று சொல்லிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. கெட்டால் என் கையால் கெடட்டும் என்று தீர்மானித்தேன். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுக் கலைப்பட்டம் வாங்கியவன் எடுக்கும் தீர்மானமா இது என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

டொரன்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் ஒரு லீற்றருக்கான தூள் மருந்துப் பொதியும் மூன்று புதிய பிலிம்களும் கொண்டுவந்து தந்தார். பதுளையில் கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த முதியவர் ஒருவர், வெளிச்சம் புகாத கழுவும் தொட்டியையும், கைகளை நுழைத்துப் பிலிமைச் சுற்றும் கறுப்புத் துணிப் பையையும் இரவல் கொடுத்தார். "ஹைப்போ நாத்தம் போய் முப்பது வருசமாச்சு" என்றார். குரலில் ஏக்கம் இருந்தது.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பிலிமை முதல் டெவலப்பரில் ஆறரை நிமிடம் வைக்க வேண்டும். இது கறுப்பு வெள்ளை டெவலப்பர்தான். ஒளி பட்ட இடங்களெல்லாம் கறுத்த வெள்ளித் துகளாகி, பிலிமில் ஒரு நெகட்டிவ் உருவாகும். நன்றாகக் கழுவிய பின் நிற டெவலப்பரில் 6 நிமிடம். முதல் மருந்து தொடாமல் விட்ட பகுதிகளெல்லாம் இதில் துலங்கி, அந்தந்த இடத்தில் மஞ்சள், மெஜெந்தா, சயன் சாயங்கள் தோன்றும். அதாவது வெளிச்சம் படாத இடத்தில்தான் நிறம் ஏறுகிறது. கடைசியாகப் பிளிக்ஸ் என்னும் மருந்தில் 10 நிமிடம். அது வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிடும். எஞ்சுவது சாயம் மட்டுமே.

இவற்றில் முதல் டெவலப்பர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதன் சூடு கூடினாலோ நேரம் கூடினாலோ படம் வெளிறிவிடும். குறைந்தால் படம் இருண்டுவிடும். அரைப் பாகை வித்தியாசம்கூடத் தெரியும். டிசெம்பர் இரவில் பதுளையில் 20 பாகைக்குக் கீழே இறங்கிவிடும். மருந்துப் போத்தலை வெந்நீரிலிருந்து வெளியே எடுத்தால் அது ஆறத் தொடங்கும் வேகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். மீன் வியாபாரிகள் ஐஸ் போட்டு வைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைச் சந்தையில் வாங்கி, சவுக்காரம் போட்டு நாலு தரம் கழுவி, அதற்குள் வெந்நீர் ஊற்றிப் போத்தல்களையும் தொட்டியையும் நிற்கவைத்தேன். சூடு பார்க்க, வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி. உடம்புச் சூடு 37, பிலிமுக்கு வேண்டியது 38. பிலிமுக்கு இலேசான காய்ச்சல் என்று மகள் சொன்னாள்.

தண்ணீரும் ஒரு பிரச்சினை. அந்த மாதம் மழை விடவில்லை. குழாயில் செந்நிறமாக வந்தது. தோட்டங்களில் பீலித் தண்ணீரும் அப்போது அப்படித்தான் வரும். கொதிக்கவைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன்.

முதற்சுருளில் பதுளைப் புகையிரத நிலையத்தை எடுத்திருந்தேன். 1924இல் திறக்கப்பட்ட நிலையம். கொழும்பிலிருந்து மலையேறி வரும் பாதை அங்கேயே முடிகிறது. நடுப்பகலில் எடுத்த படங்கள் அந்தி நேரம் போல இருண்டு வந்தன. தொட்டியை வெளியே எடுத்து வைத்துக் குலுக்கியதில் மருந்து ஆறிவிட்டது. இரண்டாவது தரம் அந்தப் பயத்தில் பெட்டியில் கொதிநீரைக் கூட்டினேன். படங்கள் வெளிறி, நமுனுகுலை மலையே மறைந்துபோயிற்று. மூன்றாவது தரம், பெட்டித் தண்ணீரை 39இல் வைத்து, தொட்டியை முப்பது வினாடிக்கு ஒருதரம் மட்டும் வெளியே எடுத்துக் கவிழ்த்து, உடனே மீண்டும் தண்ணீருக்குள் இறக்கினேன். எங்கள் முற்றத்துச் செவ்வரத்தம்பூ சிவப்பாகவே வந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை முதல் பக்கத்தில் என் பெயர் வந்த நாளில்கூட அடையவில்லை.

*

மீரியபெத்தைச் சுருள்கள் இரண்டிலும் நான் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்தத் தம்பதி எதில் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றது மிஞ்சட்டும் என்று ஒன்றை மட்டும் முதலில் கழுவினேன்.

அதில் அவர்கள் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள், பிரட்டுக்களம், கோயில் வாசல், பீலியில் குளிக்கும் சிறுவர்கள். 36 படங்கள். நல்ல படங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் யன்னலோரம் காயவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியவில்லை. இவர்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதும் தெரியவில்லை.

மலைநாட்டில் படம் பிடித்தவர்களின் வரலாறு நீளமானது. உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. கண்ணாடித் தகட்டில் தன் கையாலேயே மருந்து பூசி, தன் கையாலேயே கழுவியவர் அவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த படமொன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. அதே காலத்தில் கண்டியிலும் கொழும்பிலும் ஸ்டூடியோ நடத்திய ஸ்கோவன் போன்றவர்கள் எடுத்த தோட்டப் படங்கள் பயணிகளின் அல்பங்களில் சேர்ந்து கப்பலேறின. படத்தில் நின்றவர்களின் வீட்டுச் சுவருக்கு ஒன்று வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் சிறுவயதில் தோட்டத்து வீடுகளில் இருந்த படங்கள் பெரும்பாலும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுத்தவை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் யார் போவது, யார் இருப்பது என்று தீர்மானிக்க அரசாங்கங்களுக்கு முகம் தேவைப்பட்டது. அதனால் எங்கள் பெரியவர்களுக்கும் ஒரு படம் கிடைத்தது.

அந்த வரிசையில் நானும் இருக்கிறேன் என்பதை அந்த யன்னலோரத்தில்தான் உணர்ந்தேன். நான் அதே மண்ணில் பிறந்தவன் என்பது எந்த வேறுபாட்டையும் உண்டாக்கியிருக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன், கொடுக்கவில்லை.

மற்றச் சுருளைக் கழுவ இரண்டு நாள் துணிவு வரவில்லை. இன்னொரு தடையும் இருந்தது. ஒரே மருந்தில் சுருள் கழுவக் கழுவ அதன் வலு குறையும். அதற்கேற்ப நேரத்தைக் கூட்ட வேண்டும். இது ஐந்தாவது சுருள். புதிய பொதி வரவேண்டுமென்றால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும். கரைத்த மருந்தும் நாள்பட நாள்படப் பழுதாகும். கணக்குப் போட்டு முதல் டெவலப்பருக்கு ஒரு நிமிடம் கூட்டினேன்.

வீட்டார் உறங்கிய பிறகு தொடங்கினேன். அந்த ஏழரை நிமிடத்தில் நான் வேறெதையும் நினைக்கவில்லை. கவிழ்த்தேன், நிமிர்த்தினேன், வெப்பமானியைப் பார்த்தேன். பிளிக்ஸ் முடிந்து தொட்டியைத் திறந்து பிலிமை வெளியே இழுத்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. படம் முழுவதும் பால்போல நீலம் பாரித்துக் கிடந்தது. ஈ-6 பிலிம் ஈரத்தில் அப்படித்தான் இருக்கும், காயக் காயத் தெளியும் என்பது எனக்கு நான்கு தரம் கண்ட உண்மை. ஆனாலும் அந்த நேரத்தில் நம்ப முடியவில்லை. குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேலிருந்து கீழாகப் படங்கள் தெளிந்துகொண்டு வந்தன. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. கோட்டுப் போட்டவர் இருந்தார்.

சற்று இருண்டிருந்தது. நான் கூட்டிய ஒரு நிமிடம் போதவில்லை. அலுமாரியில் கிடந்த நான்கு வருடமும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றிருக்கும். ஆனால் முகம் இருந்தது.

*

2015 தைப்பொங்கல் கழிந்து அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்போது அவர்கள் மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். புதிய வீடுகள் கிடைத்தது 2016இல்தான். படத்தை ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துச் சென்றேன். மூல ஸ்லைட்டையும் அட்டைச் சட்டத்தில் பொருத்திச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

சட்டம் போட்ட படத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். பத்திரிகைக்காரனின் எதிர்பார்ப்பு அது.

"கொஞ்சம் கறுப்பா விழுந்துட்டாரு தம்பி. இவ்வளவு கறுப்பு இல்ல அவரு" என்றார்.

"என் பிழை அம்மா. கழுவும்போது அப்படியாகிவிட்டது" என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். 2010இல் கேட்ட அதே சிரிப்பு.

பிறகு ஸ்லைட்டைக் கொடுத்தேன். எப்படிப் பார்ப்பது என்று காட்டினேன். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டார். கணவரைக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "இந்தா பாரு, நம்ம கதவு. பச்சக் கலரு. மேல மாவிலை தொங்குது பாரு. இங்கிட்டு அம்மி. அந்தா பக்கத்து இஸ்தோப்புல காயுதே, அது உங்கம்மா சீல" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அந்தப் படத்தில் கதவைக் கவனித்திருக்கவே இல்லை. பல அடி மண்ணுக்குக் கீழே கிடக்கும் ஒரு வீட்டை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு பேத்திக்குச் சுற்றிக் காட்டினார்.

ஸ்லைட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். மூலத்தை யாராவது கொடுப்பார்களா என்று புகைப்பட நண்பர்கள் கடிந்துகொண்டார்கள். ஒரே ஒரு பிரதிதான் என்றால் அது யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மற்றச் சுருளின் படங்களையும் பிரதி போட்டு எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை போனேன். பலருக்கு ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடிந்தது. சில படங்களை உறவினர்கள் வாங்கிக்கொண்டார்கள். நான்கு படங்கள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

*

இளம் நண்பருக்கு இனி ஒழுங்காகப் பதில் சொல்கிறேன். 2012இல் நின்றுபோன எக்டாகுரோமை கோடாக் 2018இல் மீண்டும் கொண்டுவந்தது. விலைதான் கையைக் கடிக்கும். மருந்தைத் தூளாக வரவழைத்துக்கொள்ளுங்கள். ரெஜிபோம் பெட்டி வாங்குங்கள். பெட்டித் தண்ணீரை 39இல் வைத்தால் தொட்டிக்குள் 38 நிற்கும். பிலிம் ஈரத்தில் பால்போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள். முக்கியமான சுருளைக் களைத்த மருந்தில் போடாதீர்கள். அந்தப் பிழையை நான் இனித் திருத்த முடியாது.

இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறது, இந்தக் கதையெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் பல இடங்களில் மலை சரிந்தது. மக்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். இளைஞர் ஒருவர், போன் மண்ணுக்குள் போய்விட்டது சேர், அம்மாவின் படமெல்லாம் அதற்குள்தான் இருந்தது என்றார். பதினொரு வருடத்துக்கு முன் கேட்ட அதே குரல்போல இருந்தது.

அன்று அங்கே நான் எடுத்த படங்கள் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் நேரே பெயரும், லயமும், தோட்டமும் குறிப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. பிரதிகளை அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.